கோர்ட்டில் இருந்த தலைப்பாகை

1894-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் காலனியின் டர்பன் நகரம். அங்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு தலைப்பாகையைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்தார்கள். தலையில் பல சுற்று வரக்கூடிய நீளமான துணி. அதை நனைத்து ஊறப்போடும் அளவுக்கு ரத்தம் போயிருந்தது. துணிக்குச் சொந்தக்காரர் பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலி. எஜமான் அடித்த அடியில் பல் இரண்டு பெயர்ந்து மேலுதட்டைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்றவரைப் பார்த்து மாஜிஸ்திரேட்டே கலங்கிப்போனார். துணியைக் கோர்ட்டில் வைத்துக்கொண்டு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

காந்தியின் சுயசரிதையான ‘சத்திய சோதனை’ படித்தவர்களுக்குப் பாலசுந்தரம் புதியவரல்ல. கிழிந்த துணியும் உடைந்த பல்லுமாக, கழற்றிய தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி, இளம் வக்கீல் காந்தியின் முன்னால் நடுங்கி நின்ற காட்சி பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தப் புத்தகம் 1925-க்குப் பிறகு, முப்பது ஆண்டு கழித்து, நினைவிலிருந்து எழுதியது. இதே வழக்கைக் காந்தி அதற்கு முன்பே ஒரு தடவை எழுதியிருக்கிறார். 1896-ல் ராஜ்கோட்டில் அச்சான, பச்சை அட்டை போட்ட ஒரு சிறு பிரசுரத்தில் அது இருக்கிறது. நினைவு மங்காத சமயத்தில் எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பிந்தியது நல்ல கதை. முந்தியதோ ஒரு வழக்குக் கட்டு. அடிபட்ட கூலி ஒருவர் அன்றைக்குக் கோர்ட்டுப் படி ஏறினால் என்னென்ன நடக்கும் என்பது அந்தக் கட்டில்தான் கிடைக்கிறது.

அடித்தவன்மேல் பிராது கொடுப்பவர் எதைக் கேட்பார்? வைத்தியச் செலவு, நஷ்ட ஈடு, அல்லது அவனை உள்ளே தள்ள வேண்டும் என்று. பாலசுந்தரம் இதில் எதையும் கேட்கவில்லை. அந்த ஆளிடம் இனி வேலை செய்ய முடியாது, ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள் என்பதே அவர் பிராது. இரண்டு பல்லுக்கு ஈடாக அந்த எஜமானிடமிருந்து விடுதலை.

இதைப் புரிந்துகொள்ள 1860-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. மெக்காலே வரைந்து, இருபது ஆண்டுக்கும் மேல் கிடப்பில் கிடந்த சட்டம். அதில் 320-ஆவது பிரிவு ‘கொடுங்காயம்’ எவை என்று எட்டு வகையாகப் பிரித்துச் சொன்னது. ஏழாவது வகை: எலும்போ பல்லோ முறிவது, அல்லது இடம் பெயர்வது. கண், காது, கை, கால் வரிசையில் பல்லுக்கும் இடம் கொடுத்தார்கள். பல்லைப் பெயர்த்தவனுக்கு ஏழு ஆண்டு வரை சிறை. இன்றைக்கும், சட்டத்தின் பெயர் மாறிய பிறகும், அந்த ஏழாவது வகை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டு அடிதடி கேஸ்களில் ஒரு பல் விழுந்ததா இல்லையா என்பதில் செக்‌ஷனே மாறிவிடும். டாக்டர் கொடுக்கும் காயச் சான்றிதழுக்காக இரண்டு தரப்பும் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பது அதனால்தான்.

அதே 1860 அக்டோபர் மாதம், சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள். நேட்டாலின் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. 1911-ல் இந்த ஏற்றுமதி நிற்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தார், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பல்லுக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டம் கரையிலேயே நின்றுவிட்டது; பல்லுள்ளவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.

நேட்டாலில் நடைமுறையில் இருந்தது ரோமன்-டச்சுச் சட்டம், அதன் மேல் காலனி அரசு அவ்வப்போது போட்ட கூலிச் சட்டங்கள். ரோமன் சட்டத்துக்கு அடி உதையைப் பற்றி வெகு பழைய ஞானம் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு நானூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பன்னிரண்டு பலகைச் சட்டம், சுதந்திர மனிதனின் எலும்பை உடைத்தால் முந்நூறு காசு, அடிமையின் எலும்பை உடைத்தால் நூற்றைம்பது என்று விலை கட்டி வைத்திருந்தது. சில்லறை அடிக்கு இருபத்தைந்து காசு. நாளாக ஆகக் காசின் மதிப்பு இறங்கிப்போனது. ரோமில் ஒரு பணக்காரன், காசுப் பையோடு ஓர் அடிமையைப் பின்னால் நடக்க விட்டு, எதிரே வந்தவர்களையெல்லாம் கன்னத்தில் அறைந்து, அங்கேயே இருபத்தைந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டு போனான் என்று ஒரு பழங்கதை. அதற்குப் பிறகுதான் அடிக்குத் தக்கபடி நஷ்ட ஈடு மதிப்பிடும் முறையை நீதிபதிகள் கொண்டுவந்தார்களாம். அடிமையை மற்றவன் அடித்தால் வழக்குப் போடும் உரிமை எஜமானுக்கு. எஜமானே அடித்தால்? கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கூலி அடிமை இல்லை. காகிதத்தில் அவர் சுதந்திர மனிதர். தன் சம்மதத்தோடு கையெழுத்தோ கைநாட்டோ போட்டவர். அடித்தால் பிராது கொடுக்கலாம். ஆனால் பிராது கொடுக்கப் போவதற்குத்தான் வழி இல்லை. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால், எஜமான் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். எஜமான் எழுதித் தந்த சீட்டு இல்லாமல் நடமாடினாலே பிடிக்கலாம். 1891-ல் நேட்டால் போட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒரு தோட்டத்துக் கூலிகள் கும்பலாகச் சேர்ந்து எஜமான்மேல் புகார் சொல்ல அனுமதி இல்லாமல் வேலையை விட்டு வந்தால், புகார் உண்மையாகவே இருந்தாலும் தண்டனை உண்டு. புகாரைச் சொல்ல நடந்து வந்ததே குற்றம். சட்டம் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்தை இந்த இடத்தில் மெச்சத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் இருந்தார். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று அந்தப் பதவிக்குப் பெயர். அந்தப் பதவி வந்த கதையே அடியிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் தொகுதிக் கூலிகள் ஒப்பந்தம் முடிந்து 1871-ல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ கப்பலில் சென்னைக்குத் திரும்பினார்கள். வந்ததும் அதிகாரிகளிடம் போய்க் கொட்டித் தீர்த்தார்கள்: சவுக்கடி, கூலிப் பிடித்தம், கொடுக்காத பாக்கி. இந்திய அரசு, விசாரித்துச் சரிசெய்தால்தான் மறுபடி ஆள் அனுப்புவோம் என்றது. கரும்பு காத்திருக்காதே. நேட்டாலில் 1872-ல் விசாரணைக் குழு உட்கார்ந்தது. சட்டத்திலிருந்த சவுக்கடியை எடுத்தார்கள். கூலி ஏஜெண்ட் என்றிருந்த அதிகாரிக்குப் பாதுகாவலர் என்று பெயர் வைத்தார்கள். 1874-ல் கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஆக, பாலசுந்தரம் போய்த் தட்டிய கதவு, அவருக்கு முந்தியவர்கள் சென்னையில் அழுத அழுகையால் திறந்த கதவு.

பச்சைப் பிரசுரத்தின்படி, அடிபட்டதும் பாலசுந்தரம் முதலில் ஓடியது அந்தப் பாதுகாவலரின் வீட்டுக்குத்தான். எஜமான் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல் என்று உள்ளேயிருந்து சேதி வந்தது. வாயிலிருந்து ரத்தம் கொட்டுகிற ஆளுக்கு வந்த சேதி. அங்கிருந்து மாஜிஸ்திரேட்டிடம் போனார். அதன் பிறகு நடந்ததுதான் தலைப்பாகை சாட்சிப் பொருளானதும் ஆஸ்பத்திரியும்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர், யாரோ சொல்லக் கேட்டு, காந்தியின் ஆபீசைத் தேடி வந்தார். காந்தி அங்கே தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ‘சத்திய சோதனை’யில் தலைப்பாகை வரும் இடம் இது. வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது கூலி தலைத்துணியை எடுத்துவிட வேண்டும். அதை மரியாதை என்று பழக்கியிருந்தார்கள். காந்தியிடமும் அப்படியே வந்து நின்றார். தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். சொன்னவருக்கும் ஒரு தலைப்பாகைக் கதை உண்டு. 1893-ல் டர்பன் கோர்ட்டில் அதைக் கழற்றச் சொன்னதற்காக எழுந்து வெளியே போனவர் அவர். 1894 செப்டம்பரில் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்துகொண்ட அன்று, தலைமை நீதிபதி சொன்னதும் அவரே கழற்றினார். பெரிய சண்டைகளுக்குத் தெம்பை மிச்சம் பிடிக்கலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதன் பிறகு சில மாதத்தில் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளச் சொல்லும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் யோசித்துக்கொள்ளலாம்.

பாலசுந்தரத்தால் அப்போதும் பேச முடியவில்லை. உதடு ஆறாத நிலை. காந்திக்குத் தமிழ் தெரியாது. அவருடைய குமாஸ்தா ஒரு தமிழர். நடந்ததைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதத் தெரிந்த பாலசுந்தரம் எழுதினார். ஒப்பந்தக் கூலி என்றாலே எழுத்தறியாதவர் என்று நினைத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒப்பந்தம் ரத்தாக வேண்டும் என்றவரிடம், வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் போதுமா என்று காந்தி கேட்டார். பாலசுந்தரம் தலையை ஆட்டினார்.

இங்கேதான் இரண்டு எழுத்தும் பிரிகின்றன. சுயசரிதையில் எல்லாம் சட்டென்று முடிந்துவிடுகிறது: டாக்டர் சான்றிதழ், மாஜிஸ்திரேட் சம்மன், எஜமான் உடனே சம்மதம், பாதுகாவலரும் சம்மதம், எஜமானுக்குத் தண்டனைத் தீர்ப்பு. பிரசுரத்தில் அப்படி இல்லை. எஜமான் முதலில் சரி என்றார். பிறகு, தன் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், இவனைப் போல வேலைக்காரன் கிடைக்கமாட்டான் என்று பின்வாங்கினார். பல்லைப் பெயர்த்த கையால் எழுதிய நற்சான்று.

குமாஸ்தாவோடு பாலசுந்தரத்தைக் காந்தி பாதுகாவலர் ஆபீசுக்கு அனுப்பினார். ஆளை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பிறகு காந்திக்கு ஒரு குறிப்பு வந்தது: எஜமான் மாற்றிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, பாலசுந்தரத்துக்கும் புகார் ஏதும் இல்லையாம், ஆகையால் நாங்கள் தலையிடுவதற்கில்லை. அதிர்ச்சி அடங்குவதற்குள் பாலசுந்தரமே அழுதுகொண்டு வந்து நின்றார். காந்தி ஓடினார். நடந்து போகவில்லை, நிஜமாகவே ஓடியதாக எழுதுகிறார். பாதுகாவலர் ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார். எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று பாலசுந்தரம் எழுதிக் கொடுத்த பிரமாண வாக்குமூலம். அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பாதுகாவலரே. இவன் இதில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது, இப்போது நான் என்ன செய்ய என்றும் அவரே கேட்டார். கோர்ட்டுக்குப் போனால் இந்தக் காகிதம் அங்கே வரும், விட்டுவிடுவது நல்லது என்று புத்திமதியும் கிடைத்தது.

அடிபட்டவரைத் தனியாக உட்கார வைத்து, ‘ராஜியாப் போயிடு’ என்று ஒரு காகிதத்தை நீட்டுவது நமக்குப் பழகிய காட்சிதான். ஊர்ப் பஞ்சாயத்திலும் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவிலும் இன்றைக்கும் நடப்பது. அதைச் செய்தவர் பாதுகாவலர் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்ததுதான் இங்கே விசேஷம். அவர் யாரிடமிருந்து யாரைப் பாதுகாத்துக்கொண்டார் என்று காந்தி பிரசுரத்தில் கேட்கிறார். இருபத்தாறு இருபத்தேழு வயதுக்காரரின் கோபம் அந்த வரிகளில் சுடுகிறது. பிற்காலக் காந்தி அந்த மனிதரைச் சுயசரிதையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். மன்னித்தாரா மறந்தாரா தெரியாது. ஆனால் வரலாற்றுக்கு அந்த மறதி நஷ்டம்.

வழக்கு பிழைத்தது மாஜிஸ்திரேட்டால். அவர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்திருந்தார். விசாரணை நாளில் காந்தி நடந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, எஜமான் ஆளை மாற்றிக் கொடுத்தால் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகத் திறந்த கோர்ட்டிலேயே சொன்னார். அவன்தான் ஆத்திரமூட்டினான் என்றார் எஜமான். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாட்டை அடிப்பது போல மனிதனை அடிக்க உனக்கு உரிமை இல்லை என்ற பொருளில் மாஜிஸ்திரேட் சீறினார். யோசித்துக்கொள்ள ஒரு நாள் வாய்தா கொடுத்தார். யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் குறிப்பால் உணர்த்தினார். மறுநாள் எஜமான் இறங்கி வந்தார்.

அதோடும் முடியவில்லை. ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். அவர் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும். பாதுகாவலருக்குப் பிடித்தவராகவும் இருக்க வேண்டும். இந்தியர் ஒப்பந்தக் கூலியை வைத்துக்கொள்ள முடியாது. காந்திக்கு அப்போது தெரிந்த வெள்ளைக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெஸ்லியன் சபையில் பிரசங்கம் செய்துவந்த ஒரு வழக்கறிஞர், இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டார். பாலசுந்தரம் விடுதலையாகவில்லை, இடம் மாறினார். பல் இரண்டுக்கும் ஒரு ஷில்லிங்கூட நஷ்ட ஈடு இல்லை.

தாய்நாட்டில் இருந்திருந்தால் மட்டும் நியாயம் கிடைத்திருக்குமா? 1876-ல் இந்தியா முழுதும் பேசப்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வண்டி தயாராக இல்லை என்று தன் குதிரைக்காரனை அடித்தார். அந்த ஆள் கீழே விழுந்தார். கொஞ்ச நேரத்தில் செத்துப்போனார். மண்ணீரல் வீங்கியிருந்தது, அது வெடித்தது என்றது பரிசோதனை. தண்டனை முப்பது ரூபாய் அபராதம். வைசிராய் லிட்டனே இதைக் கண்டித்து எழுதினார். இங்கிருந்த ஆங்கிலேயர்கள் கோபித்துக்கொண்டது ஃபுல்லர் மேலல்ல, லிட்டன் மேல். மெக்காலேயின் எட்டு வகைக் கொடுங்காயமும் தோலின் நிறத்துக்குத் தகுந்தபடி வேலை செய்தது. அந்தக் கணக்கில் டர்பன் மாஜிஸ்திரேட் தன் காலத்துக்கு மிஞ்சின மனிதர் என்றே சொல்ல வேண்டும்.

பாலசுந்தரம் பெற்றது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே தோட்டம் தோட்டமாகப் பரவியது. காந்தியின் ஆபீஸ் வாசலில் கூலிகள் வர ஆரம்பித்தார்கள். வழக்கில் ஜெயிக்கலாம் என்பதற்காக வந்தார்களா, தலைத்துணியோடு உள்ளே போகலாம் என்று கேள்விப்பட்டு வந்தார்களா, இரண்டும்தானா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நேட்டால் அரசு சும்மா இருக்கவில்லை. 1895-ல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி என்று சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டுக் கூலி மொத்தமே ஆறு பவுன். அந்த வரியை எதிர்த்துத்தான் 1913-ல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள்.

1896 ஜூன் மாதம் காந்தி ‘பொங்கோலா’ கப்பலில் இந்தியாவுக்குக் கிளம்பினார். கப்பல் டாக்டர் கொடுத்த தமிழ்ச் சுயபோதினிப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றார். ராஜ்கோட்டில் பிரசுரம் பத்தாயிரம் பிரதி அச்சாயிற்று. தபாலில் அனுப்பச் சுற்றிக் கட்டிக் கொடுத்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூலி, பழைய தபால் தலைகள்.

அக்டோபர் 26-ஆம் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். மண்டபம் கொள்ளாத ஜனம். தென்னாப்பிரிக்கா என்றதும் சென்னைக்கு ஆவேசமே வந்துவிட்டது. பாலசுந்தரத்தின் பெயர் வந்த இடத்தில் கூட்டம் உருகிப்போனது. போனவர்கள் பெரும்பாலும் இந்த மாகாணத்து ஜனங்கள் அல்லவா. ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளையும் ‘ஹிந்து’ ஜி. சுப்பிரமணிய ஐயரும் கூட இருந்து உதவினார்கள். உற்சாகத்தில் இங்கேயும் பத்தாயிரம் பிரதி அடித்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியும் மிச்சம் கிடந்தது. கணக்குத் தப்பிவிட்டது என்று பின்னாளில் காந்தியே ஒப்புக்கொண்டார். பிரசுரம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படிக்கக்கூடியவர்கள் சென்னையில் அத்தனை பேர் இல்லை.

வட ஆர்க்காட்டிலும் தஞ்சாவூரிலும் கூலி வீடுகளுக்குச் சேதி அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, ஒப்பந்தம் முடிந்து கப்பலில் திரும்பியவர்களின் வாயாலே. பாலசுந்தரம் வாயைத் திறக்க முடியாமல் காந்தியின் மேசையில் குனிந்து எழுதியதும் அவர்கள் பேசிய அந்தத் தமிழில்தான்.